எருக்கஞ்செடியும் கண்ணாடிப் புட்டியும்

நம் வீட்டுப் புறக்கடையில் சுற்றுச்சுவரை ஒட்டி ஓர் எருக்கஞ்செடி நிற்கிறது. அதனை நட்டவர் எவருமிலர்; காற்றில் மிதந்து வந்த எருக்கம்பஞ்சு ஒன்று சுவரோரத்தில் விதையை இறக்கிவிட்டுப் போயிருக்கிறது. செடி முழங்கால் உயரம் வளர்ந்ததும் அண்டை வீட்டார் ஒவ்வொருவராக வந்து அறிவுரை கூறத் தொடங்கினர். "வீட்டுல எருக்கு முளைச்சா குடும்பத்துக்கு ஆகாது டீச்சர், வேரோட பிடுங்கிப் போடுங்க" என்றனர். 'உன் வீட்டில் எருக்கு முளைக்க' என்பது நம் நாட்டில் ஒரு சாபம். ஆளற்றுப் பாழடைந்த மனையில் எருக்கு மண்டும் என்பதனால் எழுந்த சாபம் அது. அந்தச் செடியைப் பிடுங்காமல் விட்டதனால் நாம் பெற்ற நன்மை ஒன்றையும், அதன் வழியே நாமே தேடிக்கொண்ட குற்றம் ஒன்றையும் இவ்விதழின் அன்பர்களுக்குச் சொல்ல விரும்புகிறோம். ஓர் உயிரிடத்து அன்பு கொள்ளுதல் என்பது அதனைக் கையில் எடுத்து வளர்ப்பதா, அன்றி அது வாழும் இடத்தைக் கெடாமல் விட்டு விலகி நிற்பதா என்னும் வினா அதிலிருந்தே பிறந்தது.

நாம் வந்தவாசிப் பக்கத்துச் சமணக் குடும்பம் ஒன்றில் பிறந்தோம். ஆசிரியப் பயிற்சி பெற்றபின் கணவரின் அலுவலை ஒட்டித் தெற்கே வந்து, பொருநைக் கரையிலுள்ள ஆழ்வார்திருநகரியில் குடியேறினோம். பணி ஓய்வுக்குப் பின்னும் இவ்வூரே நம் ஊராக நிலைத்துவிட்டது. இங்குள்ள பெருமாளின் பெயர் ஆதிநாதர். முதன்முதலில் அப்பெயரைக் கேட்டபோது நம் செவிக்கு அது விருஷப தேவரின் திருநாமமாகவே ஒலித்தது. நெறி வேறாயினும் பெயர் ஒன்றாக இருப்பதில், உறவினரை விட்டுத் தொலைவில் வாழ்பவர்க்கு ஓர் ஆறுதல் உண்டு. அக்கோயிலினுள் நம்மாழ்வார் அமர்ந்திருந்த இடமாகப் போற்றப்படும் புளியமரம் இருக்கிறது. இரவிலும் அதன் இலைகள் குவிவதில்லை என்பது ஊரார் நம்பிக்கை. ஆதலால் அதனை உறங்காப்புளி என்பர். ஒரு சான்றோர் தங்கியமையால் ஒரு மரம் வழிபாட்டுக்கு உரியதாயிற்று.

அதே ஊரில் எருக்குக்கு உள்ள மதிப்பு வேறு. ரத சப்தமி அன்று ஏழு எருக்கிலைகளை உடலில் வைத்து நீராடுவோர் அதிகாலையிலேயே செடியைத் தேடி வருவர். பிள்ளையார் சதுர்த்தி அன்று எருக்கம்பூ மாலைக்கு விலையும் உண்டு. மற்ற நாள்களில் அச்செடி அரிவாளுக்கே உரியது. தம்மிடம் உள்ளதைக் கொண்டு படைத்தால், அது எருக்கம்பூவே ஆயினும் தெய்வம் வேண்டாமென்று சொல்வதில்லை என்னும் கருத்தைப் புலவர் கபிலர் பாரியைப் பாடிய புறநானூற்றுப் பாட்டொன்றில் அமைத்துள்ளார். தெய்வம் மறுக்காத செடியை நாம் ஏன் மறுக்க வேண்டும்? மேலும், ஓரறிவுயிராயினும் காரணமின்றி அதனைக் களைவது இல்லறத்தார்க்கும் தகாது என்பதை இளமையிலேயே கேட்டு வளர்ந்தவர்கள் நாம். செடி தப்பியது.

அது பூக்கத் தொடங்கியதும் கருவண்டுகள் வந்தன. மஞ்சளும் நீலமும் கலந்த வெட்டுக்கிளிகள் வந்தன. பிறகு ஒரு நாள் காலையில், செம்மஞ்சள் நிறச் சிறகும், முன்சிறகின் நுனியில் கருமையும், அக்கருமையில் வெண்புள்ளிகளும் கொண்ட வண்ணத்துப்பூச்சி ஒன்று வந்து, இலையின் அடிப்புறத்தில் வயிற்றை வளைத்து வைத்து ஒரு முட்டை இட்டது. அடுத்த முட்டைக்கு அடுத்த இலையைத் தேடிப் போயிற்று. வெந்தய வரியன் என்று அதற்கு இன்று தமிழில் பெயர் வழங்குகிறார்கள். சில நாள்களில் முட்டையிலிருந்து புழு வெளிவந்து, முதலில் தன் முட்டை ஓட்டையே உண்டது. வளர வளரக் கருப்பும் வெள்ளையும் மஞ்சளுமான வரிகளும், முதுகில் மூன்று இணைக் கரிய இழைகளும் தோன்றின. ஆடும் மாடும் தீண்டாத அந்த இலையை அது இடைவிடாமல் தின்றது. நரம்பைக் கடித்துப் பாலை வடியவிட்டு, அதற்கு அப்பாலுள்ள பகுதியை உண்ணும் அதன் அறிவை அருகிருந்து கண்டோம். எருக்கம்பாலின் நஞ்சு அதன் உடலில் தங்கிவிடுகிறது. சிறகு முளைத்த பின்னும் அந்நஞ்சு போவதில்லை. அப்பூச்சியைக் கொத்திய பறவை குமட்டிக் கக்கிவிட்டு, மறுமுறை அதனை நாடுவதில்லை. ஆகவே அது பதற்றமின்றி மெல்லப் பறக்கிறது.

பள்ளியில் பணியாற்றிய காலத்தில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் இப்பாடத்தை நடத்தியிருக்கிறோம். முட்டை, புழு, கூட்டுப்புழு, வண்ணத்துப்பூச்சி என நான்கு படங்களைக் கரும்பலகையில் வட்டமாக வரைந்து, அம்புக்குறிகளால் இணைப்போம். பயிற்சிப் பள்ளியில் எமக்குக் கற்பித்த முறை அது. ஆனால் உயிருள்ள ஒன்றை முட்டை முதல் சிறகு வரை ஒருமுறையும் கண்டதில்லை. பக்கத்து வீட்டுச் சிறுமிக்கு அப்போது நான்காம் வகுப்பு. அவளுக்குக் காட்ட வேண்டும் என்னும் எண்ணமும், நாமே காண வேண்டும் என்னும் ஆவலும் சேர்ந்தன. பழைய ஹார்லிக்ஸ் புட்டி ஒன்றைக் கழுவிக் காயவைத்து, மூடியில் ஆணியால் துளையிட்டு, எருக்கிலையுடன் இரண்டு புழுக்களை உள்ளே விட்டோம்.

நாள்தோறும் காலையில் புது இலை வைப்பதும் எச்சத்தைத் துடைப்பதும் அவள் வேலையாயிற்று. எருக்கம்பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே கேடு என்பதனால் இலை பறிக்கும் வேலையை மட்டும் நாமே செய்து வந்தோம். இரு வாரங்களில் புழுக்கள் தலைகீழாகத் தொங்கித் தோலைக் கழற்றின. பொன்னிறப் புள்ளிகள் மின்னும் பச்சைக் கூடுகளாயின. ஏறத்தாழ ஒரு வாரம் கழித்துக் கூடு கருத்தது. உள்ளே மடிந்து கிடந்த சிறகின் நிறம் வெளியே தெரிந்தது. ஈரச் சிறகுடன் வெளிவந்த பூச்சியைச் சிறுமி தன் விரலில் ஏற்றி, எருக்கம்பூவின்மேல் விட்டாள். அன்று அவள் முகத்தில் கண்ட மகிழ்ச்சியை எந்தப் பாடப்புத்தகமும் தந்திருக்க முடியாது. நாமும் பெரிய ஜீவகாருண்யம் செய்துவிட்டதாகப் பெருமை கொண்டோம். குற்றம் அந்தப் பெருமையில்தான் தொடங்கியது.

அடுத்த முறை ஏழு புழுக்களைப் புட்டியில் இட்டோம். அந்நேரத்தில் ஆரணியில் உறவினர் வீட்டுத் திருமணம் வந்தது. சிறுமியும் பள்ளி விடுமுறைக்குத் தன் மாமா ஊருக்குப் போயிருந்தாள். புழுக்களைச் செடியிலேயே விட்டுச் செல்லலாம் என்னும் எண்ணம் வராமல் இல்லை. எறும்பு கடித்துவிடுமோ, குளவி தூக்கிவிடுமோ என அஞ்சினோம். நிறைய இலை வைத்தால் நான்கு நாள் தாங்கும் என்று நம்மை நாமே தேற்றிக்கொண்டு, புட்டி நிறைய இலையைத் திணித்து, மூடியை மூடிப் பயணம் புறப்பட்டோம். அது சித்திரை மாதம். திரும்பி வந்து பார்த்தபோது இலை வியர்த்து அழுகியிருந்தது. ஏழும் இறந்திருந்தன. ஒன்று தொங்கித் தோலைப் பாதி கழற்றிய நிலையில் கருகிக் கிடந்தது. கரும்பலகையில் நாம் வரைந்த வட்டத்தில் இந்த நிலைக்கு ஒரு படம் இருந்ததில்லை.

ஊரிலிருந்து திரும்பிய சிறுமியிடம் மறைக்கவில்லை. அவள் அழவில்லை. சற்று நேரம் புட்டியைப் பார்த்துவிட்டு, "நாம ஊருக்குப் போயிட்டோம்னு அதுக்குத் தெரியுமா ஆச்சி? எலை கொண்டு வருவோம்னு பாத்துக்கிட்டே இருந்திருக்குமோ?" என்று கேட்டாள். எழுபது வயதைக் கடந்த நமக்கு அந்த வினாவுக்கு விடை சொல்ல இயலவில்லை.

நம் இல்லங்களில் தருமம் கற்கும் குழந்தைகள், கொல்லாமை என்னும் அணுவிரதத்திற்கு மாசு சேர்க்கும் ஐந்து அதிசாரங்களை மனப்பாடமாகச் சொல்வார்கள். கட்டி வைத்தல், அடித்தல், உறுப்பைச் சிதைத்தல், அளவுக்கு மீறிச் சுமை ஏற்றுதல், உணவும் நீரும் தடுத்தல் என்பன அவை. கட்டி வைத்தல் என்றால் மாட்டைத் தும்பில் இறுக்குவது, உணவு தடுத்தல் என்றால் வேலைக்காரரைப் பட்டினி போடுவது என்றே நாமும் பிள்ளைகளுக்கு விளக்கி வந்தோம். ஹார்லிக்ஸ் புட்டியும் ஒரு தும்புதான் என்பதும், அழுகிய இலை நிறைந்த புட்டியில் உணவு தடுக்கப்பட்டே இருந்தது என்பதும் அந்த ஏழு உடல்களைக் கண்டபோதுதான் விளங்கின. ஐந்தில் இரண்டை அன்பின் பெயரால் செய்திருக்கிறோம்.

கொல்லும் எண்ணம் நமக்கு இல்லையே எனச் சிலர் ஆறுதல் கூறினர். ஆனால் உமாசுவாமி அருளிய தத்துவார்த்த சூத்திரம் இம்சைக்குக் கூறும் இலக்கணத்தில் பிரமாதம் முதன்மையாக நிற்கிறது. பிரமாதம் என்பது விழிப்பின்மை. வெறுப்பினால் மட்டுமன்றி, கவனம் தவறிய மனத்தினாலும் உயிருக்குக் கேடு வருகிறது, அக்கேடும் இம்சையே. நாம் வெறுத்துக் கொல்லவில்லை. கல்யாண நினைவில் மறந்து கொன்றோம். அன்று பயணப்பெட்டியைத் திறந்து, உடுத்திச் சென்ற பட்டுப் புடவையை மடித்து வைக்க எடுத்தபோது கை நின்றுவிட்டது. கூட்டுக்குள் உறங்கும் புழுவை வெந்நீரில் இட்டு எடுத்த இழை அல்லவா அது? ஏழு புழுக்களுக்காக வருந்திய நாம், அந்தப் புடவைக்காக இறந்தவற்றை ஒருநாளும் எண்ணியதில்லை. பட்டை விலக்கிய முன்னோர் பலர் நம்மிடையே இருந்தனர். அவர்களை நாம் பழமைவாதிகள் என எண்ணிய காலமும் உண்டு. அந்தப் புடவையை அதன்பின் உடுத்தவில்லை.

வளர்ப்பு வேண்டும் என்பார் கூறும் வாதத்தையும் நேர்மையாக எண்ணிப் பார்க்க வேண்டும். செடியிலேயே விட்டால் பெரும்பாலான புழுக்கள் எறும்புக்கும் சிலந்திக்கும் ஒட்டுண்ணி ஈக்கும் இரையாகின்றன. வீட்டில் வளர்த்தால் பல பிழைக்குமே என்பது அவர் வாதம். அமெரிக்க நாட்டில் இது பெரிய விவாதமாகவே நடக்கிறது. நம் வெந்தய வரியனுக்கு நெருங்கிய உறவான மொனார்க் என்னும் பூச்சி அங்கு உண்டு. நம் எருக்கின் குடும்பத்தைச் சேர்ந்த பாற்செடிகளே அதன் புழுவுக்கு உணவு. குளிர்காலத்திற்கு முன் அது கனடாவிலிருந்தும் வட அமெரிக்க மாநிலங்களிலிருந்தும் மெக்சிகோ நாட்டு மலைக்காடுகளுக்கு ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பறந்து செல்கிறது. அவை கூடும் மலைக்காடுகள் 1975-ஆம் ஆண்டில்தான் அறிவியலாருக்குத் தெரியவந்தன. சோளம், சோயா வயல்களில் தெளிக்கப்படும் களைக்கொல்லியால் பாற்செடி அருகவே, பூச்சியும் அருகிற்று. அதனைக் காக்க எண்ணி ஆயிரக்கணக்கானோர் வீட்டிலேயே அதனை வளர்க்கின்றனர். 2019-இல் சிகாகோ பல்கலைக்கழகத்தார் வெளியிட்ட ஆய்வில், வீட்டினுள் வளர்ந்த பூச்சிகள் தெற்குத் திசையை அறியத் தவறியமை தெரிந்தது. 2021-இல் கனடாவில் வெளியான ஆய்வோ, வெளியே விடப்பட்ட பின் அவற்றுள் பெரும்பாலானவை திசையைக் கண்டுகொண்டன என்றது. ஆய்வாளரிடையே விவாதம் தொடர்கிறது. பாற்செடி இல்லாமல் அப்பூச்சி இல்லை என்பதில் மட்டும் எவருக்கும் கருத்து வேறுபாடு இல்லை.

இனி நம் மனத்தில் எழுந்த கடினமான தடை ஒன்று. செடியில் எறும்பு கடித்து இறந்தால் அதற்கு நாம் கர்த்தா அல்லோம், புட்டியில் இறந்தால் நாமே கர்த்தா என்று கூறி ஒதுங்கிக்கொள்ளலாம். ஆனால் தெருவில் கிடக்கும் பசித்த குழந்தையைக் கடந்து செல்பவரும், 'எடுத்தால்தானே பொறுப்பு' என்று இதே வாதத்தைக் கூறுவாரே! பொறுப்புக்கு அஞ்சி விலகுவது அகிம்சையாகுமா?

இதற்கு விடை தேடியபோது எருக்கம்பாலைப் பற்றிய கொடிய செய்தி ஒன்று நினைவுக்கு வந்தது. 1980-களில் உசிலம்பட்டிப் பகுதியிலிருந்து வந்த செய்திகளைப் படித்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். பிறந்த பெண் சிசுவின் வாயில் எருக்கம்பாலை ஊற்றிக் கொன்றனர். ஆசிரியையாக ஐம்பது பெண்பிள்ளைகளின் வருகையைப் பதிவேட்டில் குறித்துக்கொண்டிருந்த நாள்களில் அச்செய்தியைப் படித்து உடல் நடுங்கினோம். 1992-இல் தமிழக அரசு சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டத்தைத் தொடங்கியது. பெற்றவரே வேண்டாமென்ற குழந்தையை அந்தத் தொட்டில் ஏந்திக்கொண்டது. ஒரே பால் ஓரிடத்தில் சிசுவைக் கொன்றது. வேறோரிடத்தில் ஒரு புழுவுக்கு உணவும் காவலுமாகிறது. நஞ்சு செடியினுடையது; கொலை மனிதர் மனத்தினுடையது. செடியைச் சபித்துப் பயன் என்ன?

அந்தத் தொட்டிலும் நம் புட்டியும் ஒன்றல்ல என்பது அப்போது தெளிந்தது. தொட்டிலில் இட்ட குழந்தை தன் இடத்தை இழந்த உயிர். தாயின் மடியே அதற்குப் பகையாகிவிட்டது. அத்தகைய உயிரைக் கையில் எடுப்பது கடமை. கடந்து செல்வது பாவம். எருக்கிலையில் இருந்த புழுவோ தன் இடத்தை இழக்கவில்லை. அதன் தாய் தேடித் தேர்ந்து வைத்த இடத்திலேயே அது இருந்தது. இடம் இழந்த உயிரை எடுத்து ஏந்த வேண்டும். இடத்தில் உள்ள உயிரை அங்கேயே விட வேண்டும். அந்த இடத்தை அழியாமல் காக்க வேண்டும். அகிம்சை என்பது இந்த மூன்றையும் வேறுபடுத்தி அறியும் விழிப்பு எனக் கருதுகிறோம்.

இது புதிதாகக் கண்ட உண்மை அன்று. நம் பாட்டிமார் கிணற்று நீரைத் துணியால் வடிகட்டிய பின், துணியில் தங்கியதை உதறி எறிய மாட்டார்கள். எந்தக் கிணற்றில் நீர் இறைத்தார்களோ, அந்தக் கிணற்றிலேயே அதனைக் கழுவி விடுவார்கள். வேறு நீரில் விட்டால் அந்த நுண்ணுயிர்கள் வாழா என்பதே காரணம். கண்ணுக்குத் தெரியாத உயிருக்கும் ஓர் ஊர் உண்டு என்று எண்ணியவர்கள் அவர்கள். குழாய் நீர் வந்தபின் அந்தச் செயலை மறந்தோம். அதனுள் இருந்த பொருளையும் மறந்துவிட்டோம்.

கோவில்பட்டிக்கு அருகேயுள்ள கழுகுமலைக்கு நம் குடும்பங்கள் யாத்திரை செல்வதுண்டு. அங்கே பாறையில் தீர்த்தங்கரர் திருவுருவங்களுடன் பாகுபலியின் உருவமும் செதுக்கப்பட்டிருக்கிறது. ஆதிநாதரின் திருமகனாகிய அவர் அசையாது தவத்தில் நின்றபோது, காலில் கொடிகள் படர்ந்து ஏறின என்பது வரலாறு. அவர் அக்கொடியை நட்டு வளர்த்தவர் அல்லர். அது படரும்படி அசையாமல் நின்றார், அவ்வளவே. இல்லறத்தாராகிய நம்மால் அவ்வாறு நிற்க இயலாது. ஒரு சுவரோரத்தை ஓர் எருக்குக்கு விட்டுக்கொடுக்க இயலும்.

சென்ற ஐப்பசியில் மழைக்குப் பின், தெருவோரத்து எருக்குகளையெல்லாம் வெட்டிக் குவித்தனர். இப்போது உயர்நிலைப் பள்ளியில் படிக்கும் அதே சிறுமி மூச்சிரைக்க ஓடி வந்து, "ஆச்சி, வெட்டுன செடியில எல்லாம் புழு இருக்கு; எலை வாடுது" என்றாள். இருவரும் போய் வெட்டுண்ட கிளைகளைப் புரட்டிப் பார்த்துப் பதினொரு புழுக்களைக் கண்டோம். இலையோடு கிள்ளி முறத்தில் வைத்துக் கொண்டுவந்தோம். புட்டி எதையும் அவள் கேட்கவில்லை, நாமும் எடுக்கவில்லை. நம் சுவரோரச் செடியில் இலைக்கு ஒன்றாக அவள் அவற்றை ஏற்றினாள். அவற்றுள் எத்தனை சிறகு பெற்றன, எத்தனையைக் குளவி கொண்டுபோயிற்று என்று எண்ணவில்லை. நாள்தோறும் காலையில் போய்ப் பார்த்தோம், தொடவில்லை.

புட்டி இன்னும் அலமாரியில் இருக்கிறது. அதில் இப்போது எருக்கம்பஞ்சுடன் சில விதைகள் உள்ளன. வேலியோரம் இடம் விடுவதாகச் சொல்லிக் கேட்பவர்க்குக் கொடுக்கிறோம்.